அம்பு பட்டவரும் ஊசிக்குப் பயந்தவனும்

எங்கள் தோட்டத்தில் இனி ஒருவருக்கும் டைபாயிட் என்கிற நெருப்புக்காய்ச்சல் வரவிடுவதில்லை என்று அந்த வருடம் தை பிறந்ததுமே நான் தீர்மானம் எடுத்துவிட்டேன். தீர்மானம் தோட்டத்தைப் பற்றியது. அதில் என்னுடைய கை எங்கே வந்தது? இந்தச் சின்ன வித்தியாசத்தை என் மனைவி ஐறீனுக்கு விளங்கப்படுத்த என்னால் கடைசிவரை முடியவில்லை.

தோட்டம் என்றதும் பூமரம், புல்தரை என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் ஒரே நீளக் கூரையின் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூசு, இரண்டுக்கும் நடுவே ஓயாமல் போக்குவரத்துச் செய்யும் ஈக்கள், எங்கள் பாஷையில் இலையான்கள். இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தில் கப்பல் நிறைய, ஊரில் சனம் நிறைய, அரிசி மட்டும் குறைவு. முந்தின வருடம் எதிர்வீட்டு அல்போன்ஸ் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். என் வயதுக்காரன், என்னைவிடப் பலசாலி, கொச்சிக்கடைப் பண்டகசாலையில் மூட்டை ஏற்றினவன். அவன் மனைவி யோசெப்பின் அன்றிலிருந்து கறுப்புச் சீலையோடுதான் குழாயடிக்கு வருவாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் ஒரு சுகாதார சங்கம் தொடங்கினார். நான் ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில் கிளாக்கர். எனக்கு இங்கிலீசு தெரியும், உரத்துப் பேசவும் தெரியும். ஆகவே காரியதரிசி வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று அடக்கமாகச் சொல்கிறேன். நான்தான் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேசினேன் பாருங்கள், அப்படிப் பேசினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றேன். கக்கூசுக்குப் போய்வந்தால் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள் என்றேன். சாப்பாட்டை மூடி வையுங்கள், இலையான் உங்கள் விருந்தாளி அல்ல என்றேன். நகரசபையிலிருந்து ஊசி போட வருகிறார்கள், எல்லாரும் இரண்டு முறை போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். "ஒரு ஊசியோடு நிற்கிறவன் பாதி மதில் கட்டிவிட்டுக் கள்ளனைப் பார்த்துச் சிரிக்கிறவன்" என்று நான் முழங்கினபோது பெண்கள் பக்கத்திலிருந்து பெரிய பெருமூச்சு ஒன்று வந்தது. அது ஐறீன் விட்ட மூச்சு என்று பிறகுதான் தெரிந்தது.

விஷயம் என்னவென்றால், எனக்கு ஊசி என்றால் பயம். கொஞ்ச நஞ்சப் பயமில்லை. ஐறீன் சேட்டுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாலே நான் எழும்பி விறாந்தைக்குப் போய்விடுவேன்.

இதோடு இன்னொரு சங்கதியும் இருந்தது. அதே மாதத்தில் செபஸ்தியார் திருநாள். செபஸ்தியாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்தில் கட்டிவைத்து அம்பெய்தார்களே, அவர்தான். கொள்ளைநோய்க்குக் காவல் அவர். அவருடைய சுரூபத்தை மரக்கூட்டில் வைத்து, கூட்டின் தண்டுகளை ஆண்கள் தோளில் தாங்கித் தெருத்தெருவாகச் சுற்றி வருவோம். நான் வருடக்கணக்காகப் பின்தண்டுக்காரன். பின்தண்டுக்காரன் காண்பது செபஸ்தியாரின் முதுகும் முன்னால் போகிறவனின் வியர்வையும்தான். முன்தண்டுக்காரனைத்தான் மாடியிலிருந்து பூப்போடும் சனம் பார்க்கும். இந்த வருடம் முன் வலதுதண்டு எனக்கென்று கோயில் மூப்பர் சந்தியாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார். என் கந்தோரில் மூன்றாம் மேசைவரைக்கும் இதைச் சொல்லிவிட்டேன். அந்தத் தண்டு கைவிட்டுப் போனால் நான் கந்தோருக்குப் போவதெப்படி?

முதல் ஊசி நாள் வந்தது. திருநாளுக்கு முந்தின ஞாயிறு, கோயில் பள்ளிக்கூட மண்டபத்தில். வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வரிசையை நடத்துகிறவன் வரிசையில் நிற்கத் தேவையில்லை. இது கந்தோரில் நான் படித்த பாடம். மேசையில் புளோறன்ஸ் என்கிற நேர்ஸ் இருந்தாள். பஞ்சில் அயோடின் தொட்டு இடது கையில் பூசுவாள், ஊசியைப் போடுவாள், அடுத்த ஆள். ஐறீன் போட்டாள், முகம் சுளிக்கவில்லை. யோசெப்பின் போட்டாள். மூப்பரும் போட்டார். பக்கத்து வீட்டு றேமண்ட் மட்டும் வாசலில் சுருட்டோடு நின்று, தன் உடம்பில் ஓட்டை போட நகரசபைக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் கூட்டின் முன் இடதுதண்டு. அவனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. பயத்தை வெளியே சொல்லிக்கொண்டு திரிவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

கூட்டம் கலையும் நேரம் நான் மண்டபத்துப் பின்கதவால் வெளியே போய், இடது சட்டைக்கையை மடித்துவிட்டு, முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்துக் கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்கதவால் வந்தேன். நீயும் போட்டாச்சோ, பற்றிக் தம்பி என்று மூப்பர் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்றேன். மிச்சப் பொய்யை அவரே நினைத்துக்கொண்டார்.

வீட்டில் ராசபோகம். குழாயடியிலிருந்து தண்ணீர் சுமப்பது என் வேலை. அன்றைக்கு ஐறீன் சுமந்தாள். சாய்மனைக் கதிரையில் என்னைக் கிடத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, கோழி சூப் வைத்துத் தந்தாள். அவளுடைய கை உண்மையிலேயே வீங்கியிருந்தது. அந்தக் கையால் கோப்பையை நீட்டினபோது எனக்கு மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது. சூப் நன்றாக இருந்தபடியால் மனதை அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் உடுப்புத் துவைத்தாள். செவ்வாய்க்கிழமை சூப் கஞ்சியாக மாறியது. புதன்கிழமை கஞ்சியிலிருந்து உப்பும் போய்விட்டது. ஊசி போட்ட உடம்புக்கு உப்பு கூடாதாம், நேர்ஸ் சொன்னாளாம். சிகரெட் கூடாதாம். றேமண்ட் வீட்டு விறாந்தையில் காட்ஸ் விளையாடினால் கை அசையுமாம், அதுவும் கூடாதாம். காலையும் மாலையும் வேப்பங்கொழுந்து அவித்த தண்ணீர். கை இப்போது பரவாயில்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நோ வெளியில் தெரியாவிட்டால் உள்ளுக்குப் போகிறதென்று அர்த்தமாம், இன்னும் ஒரு கோப்பை குடிக்கட்டாம். எல்லா வீட்டிலும் ஊசி போட்டவர்கள் மறுநாளே கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறார்கள்; வாசனை சுவரைத் தாண்டி வருகிறது. ஊசி போடாத நான் மட்டும் சட்டியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூப்பர் சந்தியாப்பிள்ளை வந்தார். தானாக வரவில்லை, ஐறீன் ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்தாள். என் கட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாவம், உனக்கு இன்னும் நோ மாறவில்லை, நீ ஆறுதலாக இரு, முன் வலதுதண்டுக்கு றேமண்டின் மச்சான் முகத்துவாரத்திலிருந்து வருகிறான் என்றார்.

நான் கதிரையைவிட்டு எழும்பின வேகத்தில் தலையணை விழுந்தது.

"மூப்பர், எனக்கு ஒரு நோவும் இல்லை."

"அப்ப இந்தக் கட்டு?"

"அது சும்மா கட்டினது."

மூப்பர் ஐறீனைப் பார்த்தார். ஐறீன் தலையணையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே சொன்னாள்: "உண்மைதான் மூப்பர். இவருக்கு ஊசி போட்ட மாதிரியே இல்லை."

மூப்பரின் முகம் மலர்ந்துவிட்டது. முதல் ஊசி நொந்ததென்று பாதிச் சனம் இரண்டாவதுக்கு வரமாட்டோம் என்று நிற்கிறதாம். சுவாமியாருக்குப் பெரிய கவலையாம். இப்படி ஒரு ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

"ஞாயிற்றுக்கிழமை திருநாள் பூசை முடிஞ்ச கையோட, சனத்துக்கு முன்னால நீ முதல் ஆளாப் போட்டுக் காட்டு தம்பி. பின்னேரம் தண்டும் உனக்குத்தான்."

நான் வாயைத் திறந்தேன். ஐறீன் முந்திக்கொண்டாள். அவருக்கு அதைவிடச் சந்தோசம் வேறென்ன இருக்கு என்று சொல்லி மூப்பரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

இனி மறைத்துப் பிரயோசனமில்லை. பெண்சாதியிடம் உண்மையைச் சொல்லி அழுதால் ஏதாவது வழி பண்ணுவாள் என்று நினைத்தேன்.

"ஐறீன், ஒரு சங்கதி. நான் அண்டைக்கு ஊசி போடேல்லை."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"திங்கட்கிழமை தொடக்கம்."

அலுமாரியைத் திறந்து என் வெள்ளைச் சேட்டை எடுத்து விரித்தாள். ஊசி போட்ட எல்லாருடைய இடது சட்டைக்கையிலும் அயோடின் பட்டுத் தவிட்டு நிறத்தில் கறை. அன்றைக்குத் தோட்டத்துக் கொடி முழுக்கக் கறையோடு சட்டைகள் ஆடியிருக்கின்றன. நடுவில் என்னுடையது மட்டும் பால்போல் வெள்ளை. குழாயடியில் ஒருத்தியும் காணமுன்னம் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாளாம்.

"தெரிஞ்சுமோ எனக்கு உப்பில்லாக் கஞ்சி தந்தனீர்?"

"வருத்தக்காரருக்குக் கஞ்சிதானேயப்பா குடுக்கிறது."

நான் கோபிக்க முயன்றேன். அவள் சேட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குரல் மாறிப்போயிருந்தது.

"எனக்கும் பயம்தான். யோசெப்பினைக் குழாயடியில காணுற நேரமெல்லாம் பயம். அல்போன்ஸும் உங்களைப்போலதான், தனக்கு ஒண்டும் வராது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். கறுப்புச் சீலை கட்ட எனக்கு ஏலாது. நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லுறதை எனக்காக ஒருக்காச் செய்யுங்கோ."

சரி, போடுகிறேன் என்றேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அவளும் சத்தியம் பண்ணினாள். அன்று இரவு கருவாட்டுக் குழம்பு கிடைத்தது. சாப்பிடச் சாப்பிட எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஊருக்கெல்லாம் இரண்டு ஊசி. எனக்கு ஒன்று. மானமும் மிச்சம், தண்டும் மிச்சம், ஒரு ஊசியும் மிச்சம். தோற்றது யார், நீங்களே சொல்லுங்கள் என்று சந்தோசமாக விரலை நக்கினேன்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. கோயில் வாசலில் மேசை, மேசையில் புளோறன்ஸ், அவளுக்குப் பின்னால் சோடித்த கூட்டில் செபஸ்தியார். உடம்பெல்லாம் அம்போடு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கயிற்றால் கட்டினார்கள். என் தோளை ஐறீன் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். முதலாவது இடது கையில் என்றபடியால் இரண்டாவது வலது கையில் என்று எல்லாருக்கும் அறிவித்திருந்தார்கள். நானும் வலது கையை நீட்டினேன். ஊசி ஏறினது. தோட்டம் முழுக்கப் பார்க்கிறது. நான் பல்லைக் கடித்தேன். கடித்த பல்லு வெளியே தெரிந்ததால் அது சிரிப்பென்று சனம் எடுத்துக்கொண்டது.

பற்றிக் சிரிக்கிறார், பற்றிக் சிரிக்கிறார் என்று வரிசை நீண்டுவிட்டது. முதல் முறை வராதவர்களும் வந்தார்கள். றேமண்டை அவன் மனைவி சுருட்டோடு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவனுக்கு முதலாவது, ஆகவே இடது கை. சுவாமியார் என்னைத் தட்டிக்கொடுத்தார். நல்லவேளை, இடது பக்கம் தட்டினார்.

ஊசி உடனே நோவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு என் கை மெல்ல மெல்லப் பெரிதாகத் தொடங்கியது. பின்னேரம் கூட்டைத் தூக்கும்போது எனக்கு வலதுதண்டு, வீங்கினதும் வலது. றேமண்டுக்கு இடதுதண்டு, வீங்கினதும் இடது. மாடிகளிலிருந்து பூ விழுந்தது. வருடக்கணக்காக நான் கனவு கண்ட பூ. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். பக்தி என்று சனம் நினைத்தது.

"டேய் பற்றிக், நோகாது எண்டாய்" என்றான் றேமண்ட்.

"உனக்கு நோகுதோ?"

"தோள் கழண்டு விழப்போகுது."

"சிரி. சனம் பாக்குது."

தெருவெல்லாம் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே போனோம். மேலே செபஸ்தியார் அசையாமல் நின்றார். அவருக்கு இதெல்லாம் பழக்கம்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு நடுக்கம் தொடங்கிவிட்டது. இந்த முறை ஐறீன் உண்மையான கட்டுக் கட்டினாள், உண்மையான கோழி சூப் தந்தாள், உப்பும் போட்டிருந்தாள். குடித்துவிட்டு, அப்பாடா, எல்லாம் முடிந்தது என்றேன்.

"என்ன முடிஞ்சது?"

"ஊசிதான். எல்லாரும் என்ர ரெண்டாவது எண்டு கண்ணால கண்டினமே."

"அவையள் கண்டது ரெண்டாவது. புளோறன்ஸ் போட்டது முதலாவது. அவவுக்கு நான் முதலே சொல்லிப்போட்டன்." கோப்பையை வாங்கிக்கொண்டு சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டாள். "பாதி மதிலோட நிக்கிறவனைப் பற்றி நீங்கள் எவ்வளவு வடிவாப் பேசினனீங்கள்."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினீரே."

"சத்தியம் பண்ணினது வெள்ளிக்கிழமை. அவவுக்குச் சொன்னது செவ்வாய்க்கிழமை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கு எந்தக் கந்தோர் வேலையைக் கண்டுபிடிக்கலாம், லேஞ்சி எங்கே கிடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். அடுப்படிக்குள்ளே போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"வாற ஞாயிறு புளோறன்ஸ் வீட்டுக்கே வாறா. வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு இருங்கோ, எனக்குக் கறையைக் காணவேணும்."