கலெக்டர் உட்கார்ந்த நாற்காலி

ஒன்று அசல், ஒன்று நகல். எது எது என்றுதான் கோதண்டபாணிக்குத் தெரியவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷத்து விஜயதசமி காலை. மெட்ராஸ் வக்கீல் காரில் கிளம்பியாயிற்று. சீமையிலிருந்து கப்பலில் வந்த, வெள்ளைக்காரக் கலெக்டர் உட்கார்ந்த நாற்காலியை வாங்க வருகிறார். தாத்தா ஆரம்பித்த பழைய மரச்சாமான் கடைக்கு ஐம்பது வருஷமாக அதுதான் பெருமை. அது போய்விட்டால் கடை வெறிச்சோடிவிடுமே என்று, பார்வைக்கு வைத்துக்கொள்ள அதே மாதிரி இன்னொன்றைத் தச்சர் அந்தோணியிடம் செய்யச் சொல்லியிருந்தார். அந்தோணி கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் செய்துவிட்டார்.

"அசலுக்கு அடியில சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சேனே, அது எங்க கிருஷ்ணவேணி?"

"நேத்து ஆயுத பூஜை இல்லீங்களா? எல்லாத்தையும் கழுவிட்டுதான் சந்தனம் வெச்சேன்" என்றாள் மனைவி. "ரெண்டுக்கும் ஒரே மாதிரி வெச்சேன். ஒண்ணுக்கு மட்டும் வெச்சா நல்லாவா இருக்குது?"

அசலுக்கு ஒரு கால் ஆடும். ஆட்டிப் பார்த்தார். இரண்டுமே ஆடின. பாவி மனுஷன் அதையும் விட்டுவைக்கவில்லை.

சுரண்டினால் புது மரம் தெரிந்துவிடும். இடதுபக்கத்து நாற்காலியைச் சுரண்டினார். வெளுப்பு. "இதான் நகல்!" எதற்கும் இருக்கட்டும் என்று மற்றதையும் சுரண்டினார். அதுவும் வெளுப்பு. காயத்தை மறைக்கக் கிருஷ்ணவேணி விளக்கெண்ணெய் தடவினாள். இரண்டும் இன்று காலையில் செய்தவை மாதிரி பளபளத்தன.

"கண்ண மூடிக்கினு ஒண்ணைக் குடுங்க. அவருக்கு இன்னா தெரியப் போவுது?"

"நகலை அசல்னு வித்தா கடையை இழுத்து மூடிடுன்னு தாத்தா சொல்லிட்டுப் பூட்டாரும்மா!"

மாலை போட்ட படத்திலிருந்து தாத்தா முறைத்தார். கோதண்டபாணிக்கு அழுகையே வந்துவிட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தோணியைக் கை கழுவவைத்துக் கேரியரில் ஏற்றி வந்தார்.

அதற்குள் வாசலில் கார் ஹாரன். அந்தோணி நிதானமாக இரண்டையும் கவிழ்த்தார், தடவினார், வலதுபக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"இது நான் செஞ்சது மொதலாளி."

கோதண்டபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ அதுதான் அசல்! கலெக்டர் நாற்காலி!"

"அது எங்கப்பாரு செஞ்சதுங்க" என்றார் அந்தோணி. "சாயம் பூசிப் பழசாக்கினதுதான் உங்க தாத்தா."