கயிறு இல்லாத லிஃப்ட்

விமானத்தில் கால் வைப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்துவிட்டார். மனசுக்குள்தான். வெளியே சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? முப்பதாவது மாடியில் அந்தரத்தில் தொங்கி வேலை பார்க்கிற மனுஷன், வீட்டில் வந்து "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொன்னால் மீசைக்கு என்ன மரியாதை?

லிஃப்ட்டுக்கு மேலே கயிறு இருக்கிறது. விமானத்துக்கு மேலே என்ன இருக்கிறது? இதுதான் அவர் கட்சி.

மனைவிக்கோ ஒரே ஆசை. கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட அக்கா இப்போதுதான் குழந்தை பெற்றுத் தனியாகத் திண்டாடுகிறாள். குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இவர் வேண்டாமென்றால் சண்டை. அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டால்? செல்போனும் கையுமாக அடுப்படி வாசலில் போய் நின்றார். அவள் ஒரு கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை அவள் காதைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, தூரத்தைப் பாத்தியா? ஒம்பதாயிரம் கிலோமீட்டர்!"

"அடேயப்பா!"

சிக்கிவிட்டாள் என்று அவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

"பதினோரு மணி நேரம் பறக்கணும். உக்காந்தது உக்காந்தபடிதான்."

அவள் குழாயை மூடினாள். "உக்காந்தேயா?"

"ஆமா. சமைக்க முடியாது, துவைக்க முடியாது."

"அப்ப சாப்பாடு?"

"அவங்க கொண்டு வந்து வைக்கிறதைத்தான் தின்னணும்."

"தட்டை யாரு கழுவுறது?"

"அதையும் அவங்களே எடுத்துட்டு…" சொல்லும்போதே அவருக்கு நாக்கு இடறியது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை பொறந்ததுலேருந்து சேர்ந்தாப்ல பத்து நிமிஷம் நான் உக்காந்ததில்லீங்க. நீங்களா யோசிச்சு, தேடிப் பாத்து, வந்து சொல்றீங்களே! உங்களைக் கட்டிக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும்!"

இதற்கப்புறம் எந்த வீரன் பின்வாங்குவான்?

விமானம் ஓடத் தொடங்கியதும் அவர் நாற்காலியின் கையை நசுக்கியே விட்டார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள்.

"கொஞ்சம் பிடிங்க."

கண்ணை மூடினாள். அவ்வளவுதான்.

பிள்ளை அவர் கண்ணாடியைப் பறித்தது. முன்னால் இருந்தவர் வழுக்கையில் தாளம் போட்டது. பாலைக் குடித்தது, குடித்ததைச் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தது. கடல் எப்போது வந்தது, எப்போது போனது, அவருக்குத் தெரியாது. இத்தனையோடு இவள் தினமும் சமையலும் செய்கிறாளா? பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். தூங்குகிற முகம் விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் விழித்தாள்.

"வந்தாச்சா? இப்படித் தூங்கி எவ்வளவு நாளாச்சு! நீங்க நல்லா இருக்கணும்."

"நீதான்மா நல்லா இருக்கணும்," என்றார் மனசார. "ஒண்ணு தெரியுமா? எனக்குப் பயமே வரலை."

"வரக்கூடாதுன்னுதானே பிள்ளையை மடியில போட்டேன். ஒரு மாசமா தூக்கத்துல 'கயித்தைக் காணோம், கயித்தைக் காணோம்'னு உளர்றீங்களே, எனக்குக் காது கேக்காதா?"

லிஃப்ட்காரர் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்றார்.

"திரும்புறப்போ சுத்து வழியில டிக்கெட் போட்டிருக்கேன். பதினெட்டு மணி நேரம். பயப்படாதீங்க, பிள்ளை உங்க மடியிலதான்."