சிங்கப்பூர் மச்சான் அனுப்பிய தூங்கும் பை

பாலக்காடு,
1957 மார்ச்

பிரியமுள்ள மச்சான் உமர் அவர்களுக்கு, அப்துல் ஷுக்கூர் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் தங்கள் தங்கை கௌலத்தும் அல்லாவின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். 'நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தை மட்டும் காகிதத்தில் விழவில்லை. சிங்கப்பூரில் தாங்களும் கடைச் சிப்பந்திகளும் சௌக்கியமாக இருக்க எப்போதும் போல துஆ கேட்கிறேன். தாங்கள் இருக்கும் தெருவில் யானை நடமாட்டம் கிடையாது என்று கேள்விப்பட்டேன். கொடுத்து வைத்தவர்.

நிற்க. தாங்கள் நாகப்பட்டினம் கப்பலில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பிய இரும்புப் பெட்டி வந்து சேர்ந்தது. கூடவே வைத்த கடிதத்தில், எல்லாம் பட்டாளத்தார் ஏலம் விட்ட அசல் சரக்கு, கூடாரம், தூங்கும் பை, பைனாகுலர், பித்தளை ஸ்டவ், ஊர் திரும்பியதும் மூணாற்றில் கடை போடப் போகிறேன், மலையேறவும் மீன் பிடிக்கவும் வருகிற துரைமார்கள் போட்டி போட்டு வாங்குவார்கள், அதற்கு முன்பு நீங்கள் காட்டில் வைத்து ஒரு தடவை பழகிப் பாருங்கள் மச்சான் என்று எழுதியிருந்தீர்கள். நான் வெல்ல வியாபாரி. குதிரைவண்டி கொஞ்சம் வேகமாகப் போனால் இறங்கி நடக்கிறவன். தூங்கும் பையைப் பிரித்தபோது உள்ளே ஒரு பட்டாளத்துக்காரர் பெயர் நூலால் தைத்திருந்தது. அந்த மனிதர் பையை விட்டுத் தானாக வெளியே வந்தாரா, நாலு பேர் தூக்கி எடுத்தார்களா என்று யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கௌலத் வேப்பிலை போட்டு வெயிலில் காயவைத்தாள். பரிசோதித்தேன், பிரமாதம் என்று பதில் எழுதிவிடலாம் என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்க அண்ணன் நம்மள நம்பி அனுப்பியிருக்காரு. பாக்காமயே பாத்தேன்னு எழுதுவீங்களா? நாளைக்கு யாராச்சும் இத வாங்கிட்டுப் போயி காட்டுல மாட்டிக்கிட்டா அந்தப் பாவம் ஆருக்கு?" என்றாள். பாவத்துக்கும் எனக்குப் பயம் உண்டு. ஆகவே மறையூருக்குக் கிளம்பினோம். அங்கே எனக்கு வெல்லம் காய்ச்சிக் கொடுக்கும் மொக்கையனுடைய கரும்புத் தோட்டம் இருக்கிறது, காட்டு ஓரம்தான், ஆனால் மனிதர் பக்கத்தில் இருப்பார் என்ற தைரியம்.

உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறியதும் தொடங்கியது என் கெட்ட நேரம். சின்னாறு செக்போஸ்டில் வனக்காவலர் ஒருவர் பெட்டியை இறக்கித் திறந்தார். மடக்குக் கத்தி, முளையடிக்கும் சுத்தியல், கட்டுக் கட்டாகக் கயிறு, பைனாகுலர் என்று ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தா இது? சந்தனம் வெட்டான் போகுகயாணோ?" என்று கேட்டார். மறையூர்ச் சந்தனக்காட்டுக்குக் கத்தியும் கயிறுமாகப் போகிறவனைச் சந்தனம் வெட்டவா என்று கேட்காமல் அவர் வேறு என்ன கேட்பார்? இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம் சார்" என்று வந்துவிட்டது. பயத்தில் எனக்கு எப்போதும் ஆமாம்தான் வரும். தங்கள் தங்கையைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று பள்ளிவாசலில் கேட்டபோதும் அப்படித்தான் வந்தது. அது மட்டும் நல்லபடியாக முடிந்தது. காவலர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். ஜெயிலில் கம்பிக்குப் பின்னால் நிற்பது போலவும், எங்கள் சாந்தாங்கடைத் தெருவே வந்து பார்ப்பது போலவும் கண்ணுக்குள் ஓடியது. கௌலத் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டோரத்திலேயே கூடாரத்தை விரித்து முளையடிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தார்கள். கூடாரம் நின்றது. காவலர் சந்தேகத்தோடு குனிந்து உள்ளே போனார், போனவர் வரவில்லை, சத்தமும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளே பாம்பு ஏதாவது இருந்திருக்குமோ, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, அந்தக் கேசும் என் தலையில் விழுமோ என்று சாவு வீட்டில் ஓதுகிற யாசீனை நான் ஓத ஆரம்பித்தபோது, "நல்ல சுகமுண்டு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மறுபடி டிரைவர் ஹாரன் அடித்து, பயணிகள் எல்லாரும் கெஞ்சி, அவரை எழுப்பிக் கூடாரத்தை மடக்கிக்கொண்டு போனோம்.

மறையூரில் மொக்கையன் எங்களை அழைத்துப்போய், கரும்புக் கொல்லையை ஒட்டி மேடு பள்ளமில்லாத இடம் ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் மரத்தின் மேல் காவல் பரண் இருந்தது. காவல் எதற்கு என்று கேட்டேன். "ஆனைக்குத்தான் ராவுத்தரய்யா. ஆனா இப்ப வராது. வந்தாலும் கரும்பத் திங்கத்தான் வரும், நம்மளயா திங்கப் போகுது?" என்றார். இந்தப் பதிலில் எனக்கு ஆறுதல் தரும் பாகம் எது என்று யோசித்துக்கொண்டே பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தேன். வைத்தவுடன் ஒரு யானை என் முகத்துக்கு நேரே நின்று காதை ஆட்டியது. அதன் கண்ணோரத்துச் சுருக்கம்கூடத் தெரிந்தது. "வந்துட்டுது, வந்துட்டுது" என்று பைனாகுலரைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடி விழுந்தேன். சோகை இலை கிழித்து முகமெல்லாம் கோடு. கௌலத் வந்து கையைப் பிடித்துத் தூக்கி, "அது அந்த மலைச் சரிவுல நிக்குதுங்க. வெறுங்கண்ணுல பாத்தா எறும்பு மாதிரிதான் தெரியுது" என்றாள். மொக்கையன் சிரிக்கவில்லை. கீழே கிடந்த அந்தக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தவர் அதைத் திருப்பித் தருவதாகவும் இல்லை. பரண் மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

ஸ்டவ்வைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். காற்றடித்தேன், எரியவில்லை. இன்னும் அடித்தேன். பிறகு எரிந்தது. என் இடது புருவம் இப்போது இல்லை.

பொழுது சாயும் நேரம். மகரிபுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் வேண்டும் என்று கௌலத் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். வெளிச்சம் இருக்கும்போதே தூங்கும் பையையும் பார்த்துவிடுவோம், இரவில் முதல் தடவையாக அதற்குள் நுழைய எனக்குத் தெம்பு கிடையாது என்று நான் கூடாரத்துக்குள் போய்ப் பைக்குள் கழுத்துவரை இறங்கி ஜிப்பை மேலே இழுத்தேன். சுகமாகத்தான் இருந்தது. போதும் என்று கீழே இழுத்தேன், ஜிப் அசையவில்லை. கையையும் வெளியே எடுக்க முடியவில்லை. பெயர் தைத்திருந்த அந்தப் பட்டாளத்துக்காரரின் கதி எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. கௌலத் வந்துவிடுவாள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தபோது, பக்கத்தில் கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் ஒரு கட்டு மொத்தமாக ஒடிகிற மாதிரி. "மொக்கையா, என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். பரண் மேலிருந்து பதில் வந்தது. "ஆனைதான் ராவுத்தரய்யா. ரொம்பத் தூரத்துல, சுண்டுவிரல் கணக்கா நிக்குது. பயப்படாதீங்க." சத்தம் காதருகே கேட்கிறதே, தூரத்தில் என்கிறாரே என்று குழம்பினேன். அவர் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, பெரிய கண்ணாடியைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கணம் கூடாரம் மேலே கிளம்பியது. கயிறு யானையின் காலில் மாட்டியிருக்க வேண்டும். முளைகள் படபடவென்று பிடுங்கிக்கொண்டு வந்தன, துணி கிழிந்தது, என் தலைக்கு மேலே கூரை போய் வானம் தெரிந்தது. நான் திறந்த வெளியில் பைக்குள் கிடந்தேன். முன்னால் நான்கு தூண். அதற்கு அப்பால், வாய்க்கால் கரையில், இடுப்பில் குடத்தோடு கௌலத் வந்துகொண்டிருந்தாள். குனிந்து வழியைப் பார்த்து நடந்தாள். யானையை அவள் பார்க்கவில்லை. யானை திரும்பினால் அவள்தான் எதிரில். வராதே என்று கத்த நினைத்தேன், மச்சான், குரல் வரவில்லை.  அப்போது என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையோடு எழுந்து நின்று குதித்தேன். வாய்க்காலைப் பார்த்து, யானையைத் தாண்டிப் போய்விடலாம் என்று, சாக்குப் போட்டியில் பிள்ளைகள் குதிக்கிற மாதிரி குதித்தேன். இரண்டு மூன்று குதியில் தடுக்கி யானைக்கு முன்னாலேயே விழுந்தேன். கௌலத் நிமிர்ந்து பார்த்து நின்றுவிட்டாள். யானையும் வாயில் கரும்போடு நின்றுவிட்டது.

அது துதிக்கையை நீட்டியது. என் காலிலிருந்து ஆரம்பித்துப் பை நெடுக மோந்துகொண்டே மேலே வந்தது. மார்பில் நின்றது. பிறகு முகத்துக்கு வந்தது. ஈரமும் கரும்புச் சாற்று வாசனையுமாக மூச்சு என் மேல் அடித்தது. கலிமாவைச் சொல்ல நினைத்தேன், முதல் வார்த்தைக்கு மேல் ஞாபகம் வரவில்லை, கௌலத்தின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. புருவம் கருகிய இடத்தில் துதிக்கை நுனி கொஞ்ச நேரம் தங்கியது. அந்த வாசனை அதற்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, புஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டு, இன்னும் ஒரு கட்டுக் கரும்பைப் பிடுங்கிக்கொண்டு, காலில் கூடாரத்தை இழுத்தபடி காட்டுப் பக்கம் நடந்தது. ஒரு மரக்கட்டையில் மாட்டிக் கயிறு அறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

கௌலத் ஓடிவந்து ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்தாள்.  குடம் இன்னும் இடுப்பில்தான் இருந்தது, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, அவள் சேலைதான் நனைந்திருந்தது. "எதுக்குங்க அது முன்னாடி வந்து விழுந்தீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரணிலிருந்து மொக்கையன் இறங்கிவந்து, "கண்ணாடில சின்னதாத்தான்யா தெரிஞ்சுச்சு" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே மச்சான், காரியம் இதுதான். மூணாற்றில் கடை வேண்டாம். பணத்துக்காக ஒருவனைக் காட்டில் பைக்குள் போட்டு மூடுவது முஸ்லிமான நமக்குத் தகாது. இனி உயிருள்ளவரை பாலக்காட்டு எல்லையைத் தாண்டுவதில்லை என்று நானும் கௌலத்தும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். பெட்டியைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். இதனால் நம் உறவில் ஒரு குறைவும் வரக்கூடாது. தங்களுக்கு நீண்ட ஆயுளையும் வியாபாரத்தில் பரக்கத்தையும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சுரத்தையும் அல்லா தருவானாக. அங்குள்ள நம் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
அப்துல் ஷுக்கூர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தைக் கௌலத் வாசித்தாள். தான் அப்படி ஒரு முடிவும் செய்யவில்லை என்கிறாள். கூடாரத்தை மொக்கையன் கண்டெடுத்துத் தைத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். மிச்சப் பரிசோதனையை முடிக்க வியாழக்கிழமை மறையூர் பஸ்ஸுக்கு அவள் மூட்டை கட்டிவிட்டாள். நான் வராவிட்டாலும் பரவாயில்லையாம். நானும் போகிறேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.