அன்புடையீர், மீன் நலமா?

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள், நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்தபடியாகக் குடிநீர் அலுவலகத்தின் வரவேற்பறையில் வைக்கப்பட்ட நாலடிக் கண்ணாடித் தொட்டிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீரவேண்டும். ஒதுக்காவிட்டால் அவர்கள்மீது குறை தெரிவிக்கலாம். குறைக்குப் பதில் வரும். பதில் கட்டாயம் வரும். அந்த அலுவலகத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

எல்லாப் பதில்களையும் எழுதியவர் ஒருவர்தான். பதவியின் பெயரும் பதில் எழுத்தர். குழாயில் சேறு வந்தாலும் புழு வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், அவர் "அன்புடையீர்" என்று தொடங்கி, "தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி" என்று முடிப்பார். நடுவில் உள்ளதைப் படித்தவர்கள், தாங்கள் புகார் கொடுத்தோமா பாராட்டு அனுப்பினோமா என்று குழம்பிப்போவார்கள். குழாயில் காற்றுதான் வருகிறது என்று எழுதிய ஒருவருக்கு, "குழாயில் அடைப்பு இல்லை என்பதை உறுதிசெய்து உதவியமைக்கு நன்றி" என்று அவர் அனுப்பிய பதிலைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இன்றும் படித்துக் காட்டுகிறார்கள்.

இப்பேர்ப்பட்ட கலைஞருக்கு வீட்டில் மட்டும் மரியாதை கிடையாது. அவர் இருந்தது அக்கா வீட்டில். கீழே அக்காவின் சலவைக்கடை, மேலே குடியிருப்பு. ஓர் ஓட்டலின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள்தான் அந்தக் கடைக்குச் சோறு போட்டன. சில மாதங்களாகக் குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அழுக்காக வந்த விரிப்பு துவைத்த பிறகு இன்னும் மோசமாகத் திரும்பிப் போனது. இன்னொரு தடவை இப்படிப் பழுப்பாக வந்தால் வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்று ஓட்டல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா குடிநீர் அலுவலகத்துக்குக் குறை எழுதிப் போட்டாள். தம்பியின் பதில் தபாலில் வந்தது. "அன்புடையீர், தண்ணீரின் இளம்பழுப்பு நிறம் இயற்கையானது." மறுபடியும் எழுதினாள். நிறம் இன்னும் இயற்கையாகவே இருப்பதாக மறுபடியும் பதில் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு "அன்புடையீர்" என்பதே பெயராகிவிட்டது.

"அன்புடையீர், சாப்பிட வர்றீங்களா, இல்ல அதுக்கும் பதில்தான் வருமா?" என்று அக்கா மாடிப்படியில் நின்று கேட்பாள். அத்தான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

"நான் பதில் பிரிவு, அக்கா. குழாய் வேற பிரிவு."

"அப்ப ஒண்ணு பண்ணு. குழாய்க்காரங்களைப் பதில் எழுதச் சொல்லிட்டு, நீ வந்து குழாயை மாத்து."

இந்த நிலையில்தான் மேலாளர் ஒரு தலைமைப்பண்புப் பயிற்சி முகாமுக்குப் போய் வேறு மனிதராகத் திரும்பிவந்தார். குறை சொல்ல வருகிறவர்கள் கோபப்படுவதற்குக் காரணம் தண்ணீர் இல்லை, மன அழுத்தம்தான் என்று அங்கே அவருக்கு விளங்கியிருந்தது. செடிகள் வளரும் இயற்கையான மீன்தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அழுத்தம் தானாக இறங்கிவிடுமாம். உடனே "நீர்வாழ் அமைதிக் குழு" அமைக்கப்பட்டது. வரவேற்பறையில் பொதுமக்கள் உட்காரும் பெஞ்சை அகற்றி அந்த இடத்தில் தொட்டியை வைப்பதென்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

வண்ணமீன் கடைக்காரர் வரவழைக்கப்பட்டார். பிளாஸ்டிக் செடி, ஊதாக் கல், வாயைத் திறந்து மூடும் முதலை பொம்மை எதுவும் இதில் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அடியில் சத்துள்ள மண், அதன்மேல் மணல், செடிகள், ஒரு மரக்கட்டை, விளக்கு. அவ்வளவுதான்.

"மீன் போடுற கழிவைச் செடி சாப்பிடும் சார். ஒருத்தர் கழிவுல இன்னொருத்தர் பொழைக்கிறது. வெளியிலேர்ந்து யாரும் தலையிடாம இருந்தாப் போதும்."

"நம்ம அலுவலகம் மாதிரியே," என்றார் மேலாளர். உடனே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மணலைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசவேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். கணக்குப் பிரிவு முழுவதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கியது. காலை போய் மதியம் வந்தும் வாளித் தண்ணீர் தெளியவில்லை. மணலில் அழுக்கு அதிகம் என்று குழு குறிப்பு எழுதிவிட்டு அதை அப்படியே தொட்டியில் பரப்பியது. செடிகளை நீளமான இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டார்கள். மண் கலங்காமலிருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினார்கள். தொட்டி நிரம்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

மேலாளர் கண்ணாடிக்கு அருகில் போய்ப் பரவசத்தோடு விளக்கினார்: "இந்தத் தேநீர் நிறம் இருக்கே, இது மரக்கட்டையிலேர்ந்து இறங்குற சாயம். காட்டு ஓடையெல்லாம் இப்படித்தான் இருக்கும். இதுதான் இயற்கை."

எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வந்திருந்த கடைக்காரர் மட்டும் தட்டவில்லை.

"கட்டையை இன்னும் உள்ள வைக்கலை சார். அது பின்னாடி வாளியில ஊறிட்டிருக்கு."

கடைக்காரர் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தார். இந்தத் தண்ணீரை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். குடிநீர் அலுவலகத்தில் அதைச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் எல்லோரும் பதில் எழுத்தரைப் பார்த்தார்கள்.

"வளாகத்தில் அமைந்துள்ள பொது விநியோக முனையிலிருந்து," என்றார் அவர்.

"குழாயிலேர்ந்தா?"

"அப்படியும் சொல்லலாம்."

அத்தனையும் துரு என்றார் கடைக்காரர். மீனின் செவுளில் போய் அடைத்துக்கொள்ளும். இதில் விட்டால் ஒரு வாரத்துக்குள் மீன்கள் இயற்கை எய்திவிடும். இயற்கைத் தொட்டிதான் கேட்டோம், அந்த அளவுக்கு இயற்கையாக வேண்டாம் என்று குழு கவலைப்பட்டது. "இந்தத் தண்ணியிலயா ஒரு உயிர் வாழணும்?" என்ற மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. அலுவலகத்துக்கு வரும் பழைய இரும்புக் குழாயை உடனே மாற்றுவதென்று தீர்மானமானது. "உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் தாமதம் ஏற்கத்தக்கதல்ல" என்று பதில் எழுத்தர் உத்தரவை எழுதினார். அன்று காலையில்தான் அதே பேனாவால் அக்காவுக்கு மூன்றாவது பதிலை எழுதி முடித்திருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளே ஆட்கள் வந்து தோண்டினார்கள். அந்த வாரத்துக்குள் அலுவலகக் குழாயில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தது. ஆனால் மீன் வரவில்லை. மண்ணிலும் மணலிலும் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறித் தொட்டி பக்குவமாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பழைய இலைகள் அழுகிப் புது இலைகள் வரும், கண்ணாடியில் பாசி படரும், பதறாமல் வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவேண்டும் என்றார் கடைக்காரர். சும்மா இருப்பதில் அலுவலகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. உட்காரப் பெஞ்சில்லாமல் நின்ற பொதுமக்கள் தொட்டியைக் குனிந்து பார்த்து, மீன் எங்கே என்று கேட்டார்கள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் சொல்லப்பட்டது.

இதையெல்லாம் பதில் எழுத்தர் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தின் சாதனையாக விவரித்தார். அக்கா கேட்டாள்:

"மீனே இல்லாத தொட்டிக்கா குழாய் மாத்துனாங்க?"

"வரப்போற மீனுக்கு."

அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "நம்ம கடைக்கும் ஒரு மீன் வரப்போகுது," என்றாள்.

அடுத்த நாளே கடை முகப்பில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. முறைப்படி மண், மணல், இரண்டு கட்டுச் செடி, தெருக்குழாய்த் தண்ணீர். அலுவலகத்துக்கு அவளுடைய நான்காவது குறையும் வந்தது. அதில் விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஐயா, என் மீன்தொட்டியில் தண்ணீர் பழுப்பாக இருக்கிறது" என்று ஒரே ஒரு வரி.

பதில் எழுத்தரின் கை வழக்கம்போல் "அன்புடையீர், தண்ணீரின் இளம்பழுப்பு நிறம்" வரை ஓடி நின்றது. அதை முடித்துவிட்டால் குறை முடிந்தது; கூடவே கடையும் முடிந்தது. ஓட்டலின் அடுத்த மூட்டை வந்து இறங்கிவிட்டது. அவர் எழுந்தார். பணிக்காலத்தில் முதன்முறையாக, ஒரு குறையைப் பதில் இல்லாமல் மேலாளரின் மேசைக்குக் கொண்டுபோனார்.

"பதில் எங்கே?"

"இதுக்குப் பதில் எனக்குத் தெரியலை சார். குழாய்தான் மாத்தணும்."

மேலாளர் படித்தார். "மீன்தொட்டி" என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. குழாய் ஆட்களையும் பதில் எழுத்தரையும் கூட்டிக்கொண்டு அவரே நேரில் கிளம்பினார். சலவைக்கடைக்குள் பழுப்பேறிய விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. தொட்டி சரியாகத் தெரியாததால் ஒன்றைக் கையால் ஒதுக்கினார்.

"திரை போட்டிருக்கீங்களா? ரொம்ப நல்லது. நேரடி வெயில் பட்டா பாசி பிடிக்கும்." குனிந்து தேடினார். "மீன்?"

"தொட்டி பக்குவமாகாம எப்படி சார் விடறது? வாயில்லாத ஜீவன்," என்றாள் அக்கா.

இத்தனை பொறுப்புள்ள ஒரு குடிமகளைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று மேலாளர் வெளியே வந்து பதில் எழுத்தரிடம் சொன்னார்.

குழாய் மாறியது. விரிப்புகள் வெளுத்தன. ஓட்டல்காரர்கள் அடுத்த மூட்டையை மறுபேச்சில்லாமல் அனுப்பினார்கள். தொட்டி பக்குவமான பிறகு அக்கா நிஜமாகவே ஒரு மீனை வாங்கிவிட்டாள். வாயைத் திறந்து திறந்து மூடியும் ஒன்றும் சொல்லாததால் அதற்கு "அன்புடையீர்" என்று பெயர் வைத்தாள். தம்பி மறுபடியும் தம்பியானார்.

விஷயம் தெருவில் பரவியது. வண்ணமீன் கடையில் தொட்டிகள் தீர்ந்துபோயின. தொட்டி வந்த தெருவிலெல்லாம் புதுக் குழாய் வந்தது. மீன்நலப் பணிக்காக மேலாளருக்கு விருது கிடைத்தது. இப்போதெல்லாம் குறை சொல்ல வருகிறவர்களிடம் பெயருக்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி, "வீட்டுல மீன் இருக்கா?"

போன வாரம் ஒரு பெண் வந்திருந்தாள். மீன் இல்லை, இரண்டு பிள்ளைகள்தான் என்றாள். அவளைத் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று. பதில் எழுத்தர் வாசல்வரை பின்னாலேயே போய், வண்ணமீன் கடைக்கு வழி சொல்லிவிட்டு வந்தார். உயிர்களிடத்தில் இத்தனை கருணை காட்டும் அலுவலகத்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? மனிதர்களுக்கும் அந்தக் கருணையில் ஒரு பங்கு இருந்திருக்கும். ஏதோ ஒரு காலத்தில், அவர்கள்தான் அவசரப்பட்டுத் தண்ணீரை விட்டுக் கரையேறித் தொலைத்துவிட்டார்கள்.