உத்தரவாதம் தராத மாப்பிள்ளை

கூத்தாநல்லூர்,
ஆகஸ்ட் 2001

சிங்கப்பூரிலிருக்கும் அன்பு மகன் ஜாஃபர் சாதிக்குக்கு அத்தா அல்லா பிச்சை சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும், முழங்கால் நீங்கலாக உன் அம்மாவும் நலம். உன் நலம் கேட்குமுன் ஒரு கேள்வி: அந்த வரியை எழுதச் சொன்னது யார்?

உனக்காகத் திருவாரூர் மீரா உசேன் மகள் தஹ்மீனாவைக் கேட்டிருந்தோம் அல்லவா? மனிதர் விசாரிக்க வந்தார். சம்பளத்தைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. நீயும் உன் சிநேகிதன் வேதாரண்யம் கிளமென்ட்டும் சென்னை மேன்ஷனில் ஒரு புரோகிராம் ஓடாமல், கேட்க நாதியில்லாமல் நாள்கணக்கில் முழித்ததையும், இப்படி முழிக்கிறவர்களுக்கென்றே இன்டர்நெட்டில் ஒரு சங்கம் தொடங்கியதையும், இன்று எந்தெந்த நாட்டுக்காரர்களோ அதில் வந்து சந்தேகம் கேட்பதையும் அளந்துவிட்டேன். "அதையும் பாத்துடுவோம் பாய்" என்று எழுந்துவிட்டார். திருவாரூர் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். சென்டர் நடத்தும் பெண் பிரின்ஸி உங்கள் பக்கத்தைத் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது. "இங்க இருக்கிற புரோகிராமை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், காசு வேணாம், இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், எடுத்த இடத்தைச் சொன்னா போதும்." மீரா உசேன் என்னைப் பார்த்தார். "ராப்பகலா எழுதினதை ஊருக்கு ஓசியிலயா குடுக்குறாரு?" நல்ல மனசு என்று நான் சமாளிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. "இருக்கிறபடியே தர்றோம். எந்த உத்தரவாதமும் இல்ல. இதனால என்ன நஷ்டம் வந்தாலும் நாங்க பொறுப்பில்ல." கீழே உன் பெயர்!

மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "பாய், மாப்பிள்ளையே பொறுப்பில்லன்னு எழுதி வச்சிருக்காரு. இதுக்கு மேல நான் என்னத்த விசாரிக்கிறது?" பிரின்ஸி பாவம், "அங்கிள், இது புரோகிராமுக்கான லைசென்ஸ், எல்லாரும் போடுறதுதான்" என்றது. "எல்லாரும் போடட்டும்மா. எல்லாரும் என் பொண்ணைக் கேக்கலையே!" வாங்கி வைத்த டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

ஜவுளிக்கடைக்காரன் நான். சாயம் போன துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெயரைக் காப்பாற்றியவன். என் மகன் பொறுப்பில்லை என்கிறான்! நீ ஊருக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லையடா, சத்தியமாகப் பெருமைதான். ஆனால் உன் அம்மா அந்தப் பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே பேசுவதில்லை. உன்னை அதட்டிச் சோறு போட ஒருத்தி வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. அந்த ஒரு வரியை எடுத்துவிடு. "உத்தரவாதம் உண்டு. பொறுப்பு: அல்லா பிச்சை, ஜவுளிக்கடை, கூத்தாநல்லூர்" என்று போட்டுவிடு. வருகிறது வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், எழுதுமுன் யோசிக்கும் புத்தியையும் தருவானாக. கிளமென்ட்டுக்கு என் அன்பையும் திட்டையும் சேர்த்தே கொடு.

துஆவுடன்,
அத்தா

பி.கு.: உறையை ஒட்டும்போது மீரா உசேன் போன் செய்தார். அந்த வரியைத் தொட்டுவிடாதே! நடந்ததை வீட்டில் சொன்னாராம். தஹ்மீனா சிரித்துவிட்டு, "பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாரும் குறையே இல்லைன்னாங்க அத்தா. உள்ளதை உள்ளபடி எழுதி வச்சது இவர் ஒருத்தர்தான். பேசி முடிங்க" என்றதாம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்கச் சொன்னதாம்: இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த வரிக்கு மேலே எழுதியிருக்கிறதே, அது நிஜம்தானே? உன்னைக் கேட்காமலே "தாராளமா" என்று சொல்லிவிட்டேன்.