புங்கமரத்து உத்தியோகம்

பதினான்கு மாதம் சம்பளமில்லாமல் வேலை பழகிய ஜலீலைப் பஞ்சுக் கம்பெனி மானேஜர் கூப்பிட்டு, "எடம் காலி இல்லப்பா. நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அதுகூடப் பெரிதில்லை. அவன் தாயார் அமீருன்னிசாவுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. மகனுக்கு உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டதென்று காஜிமார் தெரு முழுக்கச் சொல்லி, அந்தப் பேச்சின் பேரிலேயே அவனியாபுரத்து முகைதீன் பிச்சையின் மகள் சாதிகாவைப் பேசி முடித்திருந்தார். நிச்சயத்துக்குப் பத்தே நாள். மாமனாரும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஜலீலோ, ஒரு கல்யாண வீட்டு ஜன்னலில் சாதிகாவைப் பார்த்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே மறுநாளும் கோட்டு மாட்டி, தூக்குச்சட்டியோடு கிளம்பினான். தாலுகா கச்சேரிக்கு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்தான். சும்மா இருந்தால் சேவகன் விரட்டுகிறானே என்று மடியில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டான். உடனே ஒருவர் வந்துவிட்டார்.

"ஐயா, கெணத்துத் தகராறு. ஒரு மனு எழுதணும்."

"நான் இங்கிலீஷ்லதான் எழுதுவேன்" என்றான், ஆளைக் கழற்றிவிட.

"இங்கிலீசுலயா? அப்பத் தாசில்தாரு எந்திரிச்சு நின்னுல்ல படிப்பாரு. எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்."

மறுநாள் ஏழு பேர். நான்காம் நாள் மரத்தைச் சுற்றி வரிசை. தெருக்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையைத் துண்டால் மூடிக்கொண்டான். "எழுதுறப்ப அக்கம்பக்கம் பாக்க மாட்டாரு, அம்புட்டுக் கவனம்" என்று அதற்கும் பேர் பரவியது.

ஏழாம் நாள் மாட்டு வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, கடிதம் ஒன்றை நீட்டினார்.

"இங்கிலீசுக் காயிதம் தம்பி. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. நமக்கு அவனியாபுரம், பேரு முகைதீன் பிச்சை. மகளுக்குப் பாத்த பையனப் பத்திப் பஞ்சுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்திருக்கு."

மானேஜரின் கையெழுத்து ஜலீலுக்கு நன்றாகவே தெரியும். 'பையன் தங்கம், உத்தியோகம் நிரந்தரம்' என்று படித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்தது. பெரியவர் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

"அந்தப் பையனுக்கு வேலை இல்லீங்க" என்றான். "பதினாலு மாசம் சும்மா பழகியிருக்கான். அனுப்பிட்டாங்க."

"நல்லாப் பாருங்க. அப்படியா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

பெரியவர் கடிதத்தை வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். வண்டிக்காரர் சோணைக்கு வெயில் பொறுக்கவில்லை.

"இதே காயிதத்த முந்தாநாளே வக்கீல் குமாஸ்தா படிச்சுச் சொல்லி, மரத்தடியில எழுதுற இவருதான் அந்தப் பையன்னும் காட்டிட்டாருல்ல மொதலாளி, மாப்ள நாணயத்தயும் பாத்தாச்சு, அவருக்கு நிக்கிற கூட்டத்தயும் பாத்தாச்சு, நிச்சயத்துக்குச் சாமான் வாங்கப் போவமா?"