முனீஸ்வரி எட்டாம் பகுதியைக் காத்த படலம்

சுருளியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவளும், ஏலச்செடியின் அடியில் குனிந்தால் கூடை நிறையாமல் நிமிராதவளும், எதிர்த்துப் பேசிய மேஸ்திரிமாரை ஒற்றைப் பார்வையால் ஊமையாக்கியவளும், லாரி ஓட்டுநர் வேல்பாண்டியின் இல்லத்தரசியுமாகிய சுருளிப்பட்டி முனீஸ்வரியை முதற்கண் போற்றுவோம். கேட்க வந்தவர்கள் செல்போனை அணைத்துவிட்டு உட்காரலாம்.

எட்டுப் பகுதிக் கொலைக்கதை ஒன்றைச் செல்போன் திரையில் வெளியிட்ட பெருமுதலாளிகள், எட்டையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டிருந்தால் இப்பெரும்போர் மூண்டே இருக்காது. அவர்களோ வெள்ளிக்கு ஒன்றாக, கோயில் வாசலில் சுண்டலைக் கிள்ளிப் போடுவதுபோலப் போட்டார்கள். வேல்பாண்டி எர்ணாகுளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போய் ஞாயிறன்றுதான் வீடு திரும்புபவர். ஆகவே, ஒருவரை விட்டு ஒருவர் பார்ப்பதில்லை என்று தம்பதியர் முதல் பகுதியன்றே சபதம் பூண்டனர். வாரத்தில் இருவரும் சேர்ந்து உட்காருகிற ஒரே ஒரு மணி நேரம் அதுதான் என்பதால், முனீஸ்வரிக்கு அது உயிர்.

ஏழு வாரம் சபதம் குலையாமல் நின்றது. எட்டாம் வெள்ளியன்று கொலைகாரன் யாரென்பது வெளியாயிற்று. மறுநாள் விடியலில், ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி மலையேறும் ஜீப்பில் பதினான்கு பெண்கள் பதினான்கு தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். அவர்களுள் பதின்மூவர் கடைசிப் பகுதியைப் பார்த்து முடித்தவர்கள். அப்படைக்குத் தலைவி, வயிற்றில் ரகசியம் ஒன்றும் தங்காத ஜக்கம்மா.

நம் வீராங்கனை பிரகடனம் செய்தாள்: "நாளைக்கு அவுக வந்தப்புறந்தான் நான் பாப்பேன். அதுவரைக்கும் எவளாச்சும் அந்தக் கதைய எடுத்தீக, இங்கனயே இறங்கி நடந்து வந்துருவேன்."

"நான் எதுக்கு ஆத்தா சொல்லப்போறேன்," என்றாள் ஜக்கம்மா. "ஆனா அந்தக் கெணத்துல கெடந்த செருப்பு இருக்குல்ல, அது..."

முனீஸ்வரி குலவையிட்டாள். ஒருத்தி குலவை எடுத்தால் மற்றவர்கள் சும்மா இருக்கும் வழக்கம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. பதின்மூன்று நாக்குகளும், ஜக்கம்மாவின் நாக்கு உட்பட, தம்மை அறியாமல் சேர்ந்துகொள்ள, திசையெட்டும் அதிர எழுந்த அப்பேரொலியில் செருப்பின் ரகசியம் மூழ்கிப்போயிற்று. மூச்சு வாங்கிய ஜக்கம்மா மறுபடி தொடங்க, மறுபடி குலவை. வளைவுக்கு வளைவு இதுவே நடந்தது. சோதனைச்சாவடிக் காவலர் ஏதோ சாமி போகிறதென்று தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். ஜீப் தோட்டத்தை அடைந்தபோது பகைப்படை முழுவதற்கும் தொண்டை கட்டியிருந்தது.

மாலையில், வெற்றிச் செருக்கோடு நம் தலைவி தன் கூடையை எடை போட வைத்தாள். தமிழ் பேசும் வாய்களுக்கெல்லாம் காவல் போட்டவள், எடை போடும் மலையாளத்துக்காரரை மறந்தே போனாள்.

"டாக்டராணு கொன்னது, கேட்டோ," என்றார் அவர், சாக்கைக் கட்டியபடியே.

பத்தொன்பது வருடம் தோட்டத்தில் கேட்ட மொழி, நின்று யோசிக்காமலே புரிந்து தொலைத்தது: கொன்றது டாக்டர்தான். புருஷனை விட்டுவிட்டுக் கறிச்சோறு தின்றதுபோல அவளுக்கு மனம் குறுகுறுத்தது. ஒன்றும் தெரியாதவள்போல நடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிறு மதியம் வேல்பாண்டி வந்தார், குளித்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டில் வாழைக்காய் பஜ்ஜி ஆவி பறந்தது. திரையில் டாக்டர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"தங்கமான மனுசன்," என்றாள் முனீஸ்வரி.

"ஆமா ஆமா, இவரா இருக்கவே இருக்காது," என்றார் வேல்பாண்டி, கொஞ்சம் அவசரமாக.

கடைசியில் கொலைகாரன் ஒளிந்திருந்த அறைக்கதவு மெல்ல அசைந்தது. அது திறப்பதற்கு முன்பே, உள்ளே யாரென்று தெரிவதற்கு முன்பே, இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அதிர்ந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எனக்கு எடை போடுறவரு சொல்லிட்டாரு," என்றாள் அவள். "ஒங்களுக்கு?"

"லோடு எறக்க நேரமாச்சு. சும்மா இருந்தேன்," என்றார் அவர். "வெள்ளிக்கிழமையே முழுசாப் பாத்துட்டேன்."

அக்கணம், பதின்மூவரைத் தனியொருத்தியாய் வென்ற அம்மாதரசி எழுந்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், கண் சிவந்தாள், அது கண்டு மேகமலை மேகத்துக்குள் ஒதுங்கிற்று, முல்லைப் பெரியாறு மதகோடு திகைத்து நின்றது, பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள் யாவும் இலையசைக்க அஞ்சின.

அன்றைக்குப் பாத்திரமெல்லாம் வேல்பாண்டிதான் கழுவினார்.